ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று ஓம்

2003ஆம் ஆண்டு நவம்பர் 20, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஒன்று. மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. ஒஸ்லோ நகர நடுவில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், சுவரோரம் போட்டிருந்த ஏழு கதிரைகளில் மூன்றாவதில் நான் இருந்தேன். நோர்வேஜிய மொழி வாய்மொழித் தேர்வு. என் வலது சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. இடதில் போகவில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய சோடியில் ஒன்று மட்டும் ஏன் ஒழுகுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்ததில், படித்து வந்ததில் பாதி மறந்துபோனது.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன். ஒஸ்லோவில் பதினொரு ஆண்டுகளாக ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்தேன். அங்கே ஒன்பது இயந்திரங்கள், பதினாறு குழல் விளக்குகள், ஒரு ஜன்னல்கூட இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இருட்டில் உள்ளே போய் இருட்டில் வெளியே வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூரியன் எனக்குரியது. அன்றைக்கும் முகில் வந்தால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் தொடர்ந்து முப்பத்து நாலு நாட்கள் நான் சூரியனைக் காணவில்லை.

வெளியேற ஒரேயொரு வழி தெரிந்தது. எங்கள் குரோருட் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதத்தை இரண்டு மொழியிலும் விளங்கப்படுத்த ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். தலைமை ஆசிரியை என் சான்றிதழ்களை ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "வாய்மொழித் தேர்வில் சித்தியடைந்த கடிதம் அடுத்த ஜூன் முடிவதற்குள் வரட்டும். ஆகஸ்டில் தொடங்கலாம். அதற்குப் பிறகு வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும்" என்றார். எழுத்துத் தேர்வில் நான் ஏற்கெனவே சித்தி, தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது வாய் மட்டும். இதை விட்டால் அறுபதை நெருங்கும் ஒருவனை வேறு எந்தப் பள்ளிக்கூடமும் எட்டிப் பார்க்காது என்பது எனக்குத் தெரியும்.

என்னைச் சோதித்தவர் சாம்பல் நிறச் சுவெட்டர் அணிந்த, மெல்லப் பேசும் ஒரு பெண். "நோர்வேயில் நீண்ட காலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

எங்கள் ஊர் ஆமாம் அது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார். "ஓம்…?" என்றார்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "ஓம், ஓம்" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் மரியாதைக்குக் காத்திருந்தேன். அடுத்த கேள்விக்கும் அப்படியே நடந்தது. பதினைந்து நிமிடத் தேர்வில் ஐந்து நிமிடமாவது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தபடி கழித்திருப்போம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "அந்த மனிசி என்னோடை ஓம் எண்டு கதைச்சது."

"தமிழ் தெரிஞ்ச மனிசியோ?"

"எங்கடை ஆக்களோடை பழகிப் பழகிப் பிடிச்சிருக்கும்."

"அப்ப சித்திதான். கலியாண வீட்டுக்குப் பிறகு இண்டைக்குத்தான் உங்கடை பல்லைக் கண்டிருக்கிறன்" என்றாள்.

நாலு கிழமையில் கடிதம் வந்தது. சித்தியில்லை. கீழே ஒரு குறிப்பு: வாக்கியங்களைத் தொடங்குகிறார், முடிப்பதில்லை.

அந்தக் குறிப்பை இருபது தடவையாவது வாசித்திருப்பேன். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நிறுவலைக்கூடக் கரும்பலகையில் பாதியில் விட்டுவிட்டு, மணி அடித்ததும் நான் வெளியே போனதில்லை. தொடங்கி முடிக்காத வாக்கியம் எது என்று யோசித்து யோசித்து நித்திரை கெட்டது. அந்தச் சலவை அறையின் இரைச்சலும் அந்தக் கேள்வியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இயந்திரம் சுற்றும்போதெல்லாம் முடிப்பதில்லை, முடிப்பதில்லை என்றே எனக்குக் கேட்டது.

விடை ஜனவரியில் அந்த அறைக்குள்ளேயே கிடைத்தது. விரிப்பு மடிப்பது இருவர் வேலை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். பதினொரு ஆண்டுகளாக என் மறுமுனையில் நின்றவள் ஒரு நோர்வேக்காரி. அறுபதைத் தொடப்போகிறவள், வாய் கொஞ்சம் நீளம். பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வருவாயா என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் விரிப்போடு நடுவழியில் நின்றுவிட்டாள். "வந்தால் என்ன? மழை பெய்தாலா, மனைவி விட்டாலா? பதினொரு வருசமாக ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆல்' என்று தொடங்கி வாயை மூடிக்கொள்கிறாய். நானும் மிச்சத்துக்குக் காத்துக்காத்துக் கிழவியாகிவிட்டேன். சொல்லித் தொலையேன்!"

நோர்வேஜிய மொழியில் ஓம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் பொருள் 'ஆல்'. வந்தால், இருந்தால் என்று நாங்கள் பின்னால் ஒட்டுவதை அவர்கள் தனிச்சொல்லாக முன்னால் வைப்பார்கள். அவர்கள் கொஞ்சம் குறுக்குவார்கள், நாங்கள் கொஞ்சம் நீட்டுவோம். அவசரத்தில் இரண்டும் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாதது அல்ல. எழுத்துத் தேர்வில் அதே சொல்லை ஏழு இடத்தில் சரியாக எழுதியவன் நான். ஆம் என்பதற்கு அவர்கள் மூச்சை உள்ளே இழுத்தபடி 'யா' என்பார்கள் என்பதும் வந்த முதல் நாளே தெரியும். ஆனால் கேள்வி காதில் விழுந்த உடனே, மூளை எழும்புவதற்கு முன்னே, வாய் ஓம் என்றுவிடும். இந்த நாட்டில் ஒருவர் பிழையாகப் பேசினால் திருத்துவது மரியாதையில்லை என்று எல்லோரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

நான் விளக்கியதும் அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மேலே களஞ்சியப் பொறுப்பு காலியானபோது மேலாளர் உன்னைக் கேட்டாரே, நினைவிருக்கிறதா?" என்றாள்.

நினைவிருந்தது. நாலு ஆண்டுகளுக்கு முன்பு. களஞ்சியம் தரைத்தளத்தில், இரண்டு ஜன்னல்களோடு இருந்தது. விருப்பமா என்று மேலாளர் கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் நின்றார், நானும் நின்றேன். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அடுத்த கிழமை வேறொருவருக்குக் கொடுத்தார். நான் அதைத் தோலின் நிறக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

"நீ தயங்குகிற ஆள் என்றார். நிபந்தனை போடப்போகிறாய் என்று நினைத்திருக்கிறார்" என்றாள்.

அன்று மிச்சமிருந்த விரிப்புகளை மடித்தேன். தூற்ற ஒருவரும் இல்லாதது தூற்றக்கூடிய அநியாயத்தைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் காலை நூறு கடலைகளை எண்ணி இடது பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு கடலை வலது பைக்கு. மாலையில் எண்ணினால் அறுபத்து மூன்று. ஒரு நாளில் இத்தனை தடவை 'ஆல்' என்று சொல்லிவிட்டு நான் முடிவெடுத்த மனிதனாக நடந்து திரிந்திருக்கிறேன்.

நான் போய்வந்த நோர்வேஜிய மொழி மாலை வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த கணினிக்காரர், முப்பது வயதிருக்கும். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"சார், மைண்ட்செட்தான் சார் எல்லாம். தோல்விய ஒரு பாடமா எடுத்துக்கணும். டெய்லி காலைல கண்ணாடி முன்னாடி நின்னு 'என்னால முடியும்'னு இருபது தடவ சொல்லுங்க."

"சொன்னால்?"

"முடியும் சார்! இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க, 'ஆமா'ன்னு சொல்லிப் பழகுங்க. ஓம்னு சொன்னா எனக்கே நீங்க பூஜைல உக்காந்த மாதிரி இருக்கு."

அவரைச் சிரித்து ஒதுக்க எனக்கு வசதியில்லை. அடுத்த நாள் கண்ணாடி முன் நின்றேன். பதினோராவது தடவையில் மனைவி எட்டிப் பார்த்து, "ஆரோடை கதைக்கிறீங்கள்?" என்றாள். ஆமாவை இரண்டு நாள் முயன்றேன். அது வேறொருவரின் பல்செட்டை வாங்கிப் போட்டதுபோல இருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச்சில் இரண்டாம் தேர்வு. அதற்குள் கடலை ஒன்பதாகக் குறைந்திருந்தது. பெருமையோடு போனேன். கேள்வி வந்தது, ஓம் எழும்பியது, விழுங்கினேன். விழுங்கிய இடத்தில் எதுவுமில்லை. அடுத்த கேள்வி. விழுங்கினேன். தேர்வாளர் அதே கேள்வியைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகத் திருப்பிக் கேட்டார். இந்தத் தடவை கடிதத்திலிருந்த குறிப்பு: கேள்விகளை விளங்கிக்கொள்வதில்லை.

கடிதம் வந்த நாளில் ரயிலில் குரோருட்டில் இறங்கவில்லை. ஸ்டோவ்னர் தாண்டிக் கடைசி நிலையம்வரை போனேன். திரும்பி நகரத்துக்கு வந்தேன். மறுபடி கடைசிவரை போனேன். முப்பத்தெட்டு நிலையங்கள் எண்ணினேன். இறங்கினால் வீடு, வீட்டிலிருந்து வேலை, வேலையிலிருந்து வீடு. ரயிலுக்குள் மட்டும் நான் எங்கேயும் இல்லை. இன்னும் ஒரு தேர்வுதான், ஜூன் முதற்கிழமையில். அதிலும் விட்டால் ஓய்வு வயதுவரை பதினொரு ஆண்டுகள், அதே பதினாறு விளக்குகள். அந்தப் பெருக்கலைச் செய்யாமல் இருக்க முயன்றேன். செய்தேன்.

இரண்டாம் சுற்றில் ஒன்று பிடிபட்டது. நான் கழித்தேனே தவிர, கழித்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. வெளியே ஒன்பது மணிநேரம் விழுங்குகிற சொல்லை வீட்டில் மிச்ச நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்கு வாசற்படி தெரியாது. ஜூன்வரை வீட்டிலும் யா என்றுதான் சொல்வது என்று தீர்மானித்தேன்.

"சோறு போடட்டோ?" என்றாள் மனைவி.

"யா."

"என்ன யா?"

"ஜூன் மட்டும் பொறப்பா. பழக வேணும்."

"முப்பது வருசம் எனக்கு ஓம் சொன்ன மனிசன், இப்ப வெள்ளைக்காரன் மாதிரி மூச்சை உள்ளை இழுக்கிறார். நல்லாத்தான் இருக்கு."

மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் வெங்காயம் வெட்டியபடி தானே தொடங்கினாள்.

"நான் வடிவோ?"

"யா."

"நான் சொல்லுறதெல்லாம் சரியோ?"

"யா."

"உங்கடை அக்கா என்ரை நகையைப் பற்றிக் கதைச்சது பிழைதானே?"

நான் வாயைத் திறந்து மூடினேன்.

"பாத்தீங்களோ, அந்த மனிசி எழுதினது சரிதான். வசனத்தை முடியுங்கோ!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் நாற்பது கேள்விகள். ஓம் வந்தால் அகப்பையால் மேசையில் ஒரு தட்டு. யாவோடு நிறுத்தினாலும் தட்டு. ஏன், எப்போது, யாரோடு என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி முடிக்க வேண்டும். அவளுக்கு அந்த மொழி பாதிதான் தெரியும். முடியாத வசனம் மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு யாழ்ப்பாணத்திலிருக்கும் அக்காவோடு தொலைபேசியில் கதைத்தேன். சண்டை நின்றிருந்த காலம், எல்லோரும் ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். "இந்த ஆடி ஆவணியிலை எண்டாலும் வருவியோடா?" என்றாள்.

"யா" என்றேன்.

 "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லுமுன் வைத்துவிட்டாள். திரும்ப எடுத்து விளங்கப்படுத்தினேன். "உன்ரை குரலெண்டு தெரியேல்லையடா" என்றாள். ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கும், கிடைத்தால் வர முடியாது என்பதை அன்று சொல்லவில்லை.

மன உறுதி என்று நூல்களில் எழுதுகிறார்களே, அது எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. அந்த மாதங்களில் விடியும்போதெல்லாம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ஒன்பது, இன்று ஏழு என்கிற கணக்கைப் பாதியில் விட மனம் வராத அரியண்டம்தான் என்னைக் கொண்டுபோனது. கெட்ட குணமென்று மனைவி சொல்லும் ஒன்று, உதவிக்கு வரும்போது வேறு பெயர் எடுத்துக்கொள்கிறது போலும்.

ஜூன் தேர்வில் மறுபடி அந்தச் சாம்பல் சுவெட்டர்ப் பெண். கோடைக்கும் அதே சுவெட்டர்.

"உங்கள் வேலை உங்களுக்குப் பிடிக்குமா?"

"யா" என்றேன். மூச்சை இழுத்தபடி வந்தது. அது பொய் என்று உடனே தெரிந்தது. மேசையில் அகப்பை தட்டும் என்று தோள் தானாகச் சுருங்கியது. தொடர்ந்தேன்: எதிரே நிற்பவளைப் பிடிக்கும், அறையைப் பிடிக்காது, அங்கே ஜன்னல் இல்லை. பிறகு நான் அறிந்தே அந்தச் சொல்லை எடுத்தேன். அவர்களுடைய ஓம். அவர் பேனையைக் கீழே வைத்துக் காத்திருந்தார். இந்தத் தேர்வில் சித்தியடைந்தால், ஆகஸ்டில் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிப்பேன் என்று முடித்தேன்.

அவர் பேனையை எடுத்து எழுதினார்.

கடிதம் ஜூன் இருபத்தெட்டில் வந்தது, திங்கட்கிழமை. சித்தி. அன்றே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். தலைமை ஆசிரியை கைகொடுத்தார், பிறகு இருக்கச் சொன்னார். நகரசபை பணத்தைக் குறைத்துவிட்டதாம். கிழமைக்கு இரண்டு நாள்தான் தரமுடியும். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஏற்றுக்கொள்கிறேன், திங்களும் வியாழனும் வசதி என்றேன். மிச்ச நாலு நாள் சலவை அறை. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

அந்த இரண்டு பள்ளிக்கூட நாளுக்காக நான் கொடுத்தது: தேர்வுக் கட்டணம் மூன்று தடவை, ஆயிரத்து எண்ணூறு. மாலை வகுப்பு, ஆயிரத்து நானூற்று ஐம்பது. சம்பளமில்லாமல் எடுத்த மூன்று விடுப்பு நாட்கள், இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. அக்காவைச் சமாதானப்படுத்த மேலதிகமாக வாங்கிய நாலு தொலைபேசி அட்டைகள், இருநூறு. மொத்தம் ஆறாயிரத்து அறுபது குரோனர்.