மலை தொப்பி போட்ட நாள்

எவரிஸ்தோவுக்கு ஒரு கெட்ட பழக்கம். கடலில் திமிங்கிலம் மூச்சைப் பீய்ச்சுவதைக் கண்டுவிட்டால் முதுகுக்குப் பின்னால் உலகம் இருப்பதே மறந்துபோகும். சூப் ஆறினால் ஆறட்டும், மனிதர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். பிக்கோ தீவின் லாஜெஸ் ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் காவல் குடிலில், கடலைப் பார்த்த ஒரே ஒரு நீளச் சன்னலுக்கு முன்னால் அவருடைய பாதி ஆயுள் போயிற்று.

வேட்டைக் காலத்தில் திமிங்கிலம் தென்பட்டால் வாணம் விடுவார். சத்தம் கேட்டதும் ஆண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடுவார்கள். வேட்டை நின்றதும் உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தார். கிழங்குக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. பிறகு மகள் சுல்மீரா ரப்பர் படகு ஒன்றை வாங்கி, வெளிநாட்டுக்காரர்களைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகத் தொடங்கினாள். அப்பா மறுபடி குடிலேறினார். கொல்லக் கூப்பிட்ட வாயால் இப்போது வேடிக்கை பார்க்கக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம் கடல் வெறிச்சென்று கிடந்தது. வயர்லெஸ்ஸில் சுல்மீராவின் குரல் அலுப்பாக வந்தது.

"அப்பா, ஒண்ணையும் காணோம். இவங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப்போச்சு. திரும்பிடட்டுமா?"

"இரு, இரு! தெற்கே பீய்ச்சுது. குட்டியும் இருக்கு! இன்னும் கொஞ்சம் போம்மா."

"மலை எப்படி இருக்கு?"

"அது எங்க போயிடப்போகுது? நீ போ!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிக்கோ மலை மேகத் தொப்பி போட்டால் படகு எடுக்கக் கூடாது என்பது இந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் மலை முதுகுப் பக்கம் இருந்தது, திமிங்கிலம் கண்ணெதிரே இருந்தது.

கூரைக்கு மேலாக வெள்ளையாய் ஏதோ இறங்கி, சன்னலைக் கடந்து கடலை மூடியபோதுதான் வெளியே ஓடிவந்தார். மலை கழுத்துவரை தொப்பி போட்டிருந்தது. உள்ளே ஓடி வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"சுல்மீரா! திரும்பு! கேக்குதா?"

வயர்லெஸ் இரைந்தது. பதில் இல்லை. துறை வாசலில் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மூடுபனியில் திசை தவறினால் ரப்பர் படகு கிழிய எவ்வளவு நேரம் ஆகும்?

மூலையில் மாதா திருவிழாவுக்கு வாங்கிவைத்த வாணங்கள் இருந்தன. தீக்குச்சிகள் கையில் ஒடிந்தன. எப்படியோ முதல் வாணம் கிளம்பி வெடித்தது.

கொஞ்ச நேரத்தில் வேன் ஒன்று மூச்சிரைத்தபடி குன்றேறியது. வேட்டைக் காலத்தில் ஈட்டி எறிந்த குவால்தெர் இறங்கினார், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு.

"யோவ் கிழவா! வேட்டை நின்னு எத்தனை வருஷமாச்சு! என்னைப் பாதிச் சவரத்துல ஓட வெச்சிட்டியே. துறையில போய் நின்னப்புறம்தான் படகே இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு!"

"சுல்மீரா வெளியில இருக்கா."

குவால்தெரின் சிரிப்பு அப்படியே அணைந்தது.

"எவ்வளவு வாணம் இருக்கு?"

"திருவிழாவுக்கு வாங்கினது."

"மாதா கோவிச்சுக்கமாட்டா. ஒண்ணொண்ணா விடு. சத்தத்தை வெச்சுக் கரையைக் கண்டுபிடிச்சிடுவா. நான் கீழ போய் வேன்காரங்களை ஹாரன் அடிக்கச் சொல்றேன்."

எவரிஸ்தோ விட்டார். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திமிங்கிலத்துக்காக இத்தனை வருடம் கண்ணைத் தேய்த்தவருக்கு இப்போது கண்ணால் ஒரு பயனும் இல்லை. கடைசி வாணமும் போனது. தரையில் உட்கார்ந்தார்.

அப்போது கீழே, அதுவரை விட்டுவிட்டு ஹாரன் அடித்த வேன்களெல்லாம் ஒன்றாக அலறின. நிறுத்தாமல் அலறின. கல்யாணத்துக்குத்தான் இந்த ஊரில் அப்படி அடிப்பார்கள். அவர் அழுதார்.

சுல்மீரா தொப்பலாக நனைந்தபடி மேலே வந்தாள்.

"குட்டியைப் பார்த்தோம்பா. அழகா இருந்துச்சு."

அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"மலை எப்படி இருக்குன்னு கேட்டேனே. பார்த்தியா?"

"பார்க்கலை."

"சரி," என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மறுநாள் குவால்தெரின் சவரக் கண்ணாடியை வாங்கிவந்து சன்னல் ஓரத்தில் ஆணியடித்து மாட்டினார். முதலில் அவருடைய முகம்தான் தெரிந்தது. பின்கதவைத் திறந்துவைத்து நகர்ந்து உட்கார்ந்தார், மலை தெரிந்தது. உச்சியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம். நேரெதிரே, தொலைநோக்கிகூடத் தேவையில்லாத தூரத்தில், திமிங்கிலம் ஒன்று பீய்ச்சியது.

"அப்பா, கிளம்பட்டுமா?"

"வேண்டாம்மா. மலையில மேகம் இருக்கு."

"திமிங்கிலம்?"

"அந்தப் பக்கம் இன்னும் பார்க்கலை," என்றார் எவரிஸ்தோ, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.