ஆறு சிலிண்டர் வாங்கிய டொக்டர் தெய்வானை

கொக்குவிலில் என் வீட்டு முற்றத்தில் டொக்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கொண்டுவந்த அவருடைய காரைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் அவர் இறந்த செய்தி வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சைக்கிளைப் படலையில் சாய்த்துவிட்டு, உள்ளே வராமலே, "மிசி, டொக்டரம்மா மோசம் போட்டா" என்றார். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மிச்சமிருந்த கண்ணாடியையும் துடைத்து முடித்தேன். கார் ஊத்தையாக நின்றால் டொக்டர் என்னை உயிரோடு விடமாட்டார். அதன் பிறகு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டொக்டர் தெய்வானை அவர்களை வடமராட்சியில் அறியாதவர் குறைவு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வல்வெட்டித்துறையில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் டொக்டராகி, ஐம்பத்தாறாம் ஆண்டு நெல்லியடியில் ஒரு சிறிய பிரசவ விடுதி திறந்தார். அந்த வருடமே நான் அங்கே தாதியாக, ஊர்ப் பேச்சில் மிசியாக, சேர்ந்தேன். நேர்முகப் பரீட்சை என்று அவர் வைத்தது ஒரே கேள்விதான்.

"மிசி, உமக்குப் பாம்புக்குப் பயமோ, மாமிமாருக்குப் பயமோ?"

"பாம்புக்குத்தான், டொக்டர்."

"அப்ப நாளைக்கே வாரும். இங்கை பாம்பு குறைவு."

மாமிமார் விஷயத்தில் அவர் சொன்னதில் பொய்யே இல்லை. எங்கள் பகுதியில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்குத் தனியே போவது கிடையாது. தாய், மாமி, பெரியம்மா, சுடுதண்ணீர்ப் போத்தல், பாய், தலையணை எல்லாம் ஒன்றாகத்தான் புறப்படும். யாரையாவது விட்டுவிட்டுப் போனால் அந்தக் கோபம் பிள்ளைக்குக் கலியாணம் முடியும் வரைக்கும் நிற்கும்.

விடுதியில் சமாளிக்க முடியாதவர்களை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் வல்லை வெளி. மரமோ வீடோ இல்லாத அந்த வெட்டை வெளியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கிவிட்டால், அதை எதிர்த்து யாழ்ப்பாணம் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டத்தான் வேண்டும். வாடகைக் கார்களும் முக்கி முனகித்தான் அதைத் தாண்டும்.

நான் சேர்ந்து சில வருடங்களில், சோளகக் காலத்தில், இரத்தப்போக்கோடு ஒரு தாயை வாடகைக் காரில் ஏற்றினோம். பின்சீற்றை அவருடைய ஆட்கள் நிரப்பிவிட்டார்கள். மகளின் தலையைத் தாயார் மடியில் வைத்திருந்தார். டொக்டரும் நானும் முன்னால், சாரதியோடு நெருக்கிக்கொண்டு இருந்தோம். வல்லை வெளியில் இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. சாரதி கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது. டொக்டர் திரும்பித் திரும்பி, "எப்பிடி இருக்கிறா? மூச்சு எப்பிடி?" என்று கேட்டது பின்னால் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் சொன்னது எங்களுக்கும் கேட்கவில்லை. நித்திரையாகிவிட்டாள் என்று தாயார் கையைக் காட்டினார். வெளியைத் தாண்டி ஆவரங்காலில் காற்று விழுந்து எஞ்சின் சத்தம் அடங்கியபோது டொக்டர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு வல்லை வெளியிலேயே உயிர் போயிருந்தது.

திரும்பி வரும்போது அதே கார் காற்றோடு பறந்தது. விடுதி வாசலில் இறங்கியபோது டொக்டர், "மிசி, நான் கார் வாங்கப் போறன்" என்றார்.

புதுக் கார் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. பழசு ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கொடிகாமத்தில் கார் விற்பனைத் தரகர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரே அச்சில் வார்த்த இரண்டு இங்கிலீசுக் கார்கள் நின்றன. முகம் ஒன்று, சீற் ஒன்று. ஒன்றுக்கு நாலு சிலிண்டர் எஞ்சின், மற்றதற்கு ஆறு. மூக்கு மட்டும் ஆறுக்குக் கொஞ்சம் நீளம். ஆறு ஒரு தோட்டத்துரை மலைநாட்டுப் பந்தயங்களில் ஓட்டிய கார் என்று பேச்சு. அதைக் கேட்டதும் ஊருக்கு வாய் வந்துவிட்டது.

"அக்கா, ஆறு பெற்றோல் குடிச்சே உங்களைத் தின்னும்" என்றார் டொக்டருடைய தம்பி. வங்கியில் வேலை, தமக்கையில் உயிர், ஆனால் எதற்கும் முதலில் வேண்டாம் என்று சொல்லும் சுபாவம். பக்கத்துப் புடவைக் கடைக்காரர், "பொம்பிளையளுக்கு நாலே கூட" என்றார். எனக்கு அப்போது காரில் தெரிந்தது கதவு மட்டும்தான்.

தரகர் இரண்டு கார்களையும் ஓட்டுவித்துக்கொண்டு நெல்லியடிக்கே வந்தார். வரும்போதே வாயெல்லாம் பல். "டொக்டரம்மா, நாலு பறந்தெல்லே வந்தது! உங்களுக்கு ஆறு என்னத்துக்கு? ஆனா ஒண்டு, ஆறுக்கு இழுப்பு நல்லாய் இருக்கு."

"இழுப்புக்கு மருந்து குடுக்கிறதுதான் என்ரை தொழில்" என்றார் டொக்டர். "கொடிகாமத்திலையிருந்து எந்தப் பக்கம் பாத்து வந்தனியள்?"

"வடக்கைதான், அம்மா."

"சோளகம் பின்னாலை பிடிச்சுத் தள்ள வந்திருக்கிறியள். காத்தோடை வந்தால் மாட்டு வண்டிலும் பறக்கும். அதோடை வெறுங் கார் வேறை. கொஞ்சம் நில்லுங்கோ."

தண்டையலின் மகள் அல்லவா. கார் பார்க்க வருகிற எல்லோருமே யாழ்ப்பாணத்திலிருந்தோ கொடிகாமத்திலிருந்தோ வடக்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ஓட்டம் என்று தலையாட்டிக் கைகொடுப்பார்கள். நோயாளி போவது எதிர்ப்பக்கம் என்ற யோசனை அவருக்குத்தான் வந்தது.

டொக்டர் விடுதி விறாந்தைக்குப் போனார். பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர்களுக்குத் துணையாக வந்த மாமிமாரும் பெரியம்மாமாரும் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆர் ஆர் வல்லைக்கு வாறியள்? கார் சும்மா" என்றார். விறாந்தையே எழும்பிவிட்டது. பின்சீற்றில் நாலு பேர், முன்னால் ஸ்ரியறிங்கில் டொக்டர், பக்கத்தில் நானும் ஒரு மாமியும். சத்தி வரும் என்று சொன்ன ஒருவருக்கு யன்னல் கரை. அவர்களுடைய போத்தல்களும் பாயும்கூட ஏறின. கார் குந்தியதைப் பார்த்துத் தரகரின் முகமும் கூடவே இறங்கியது.

முதலில் நாலு. வல்லை வெளியில் காற்று வந்து மோதியதும் கார் தயங்கியது. டொக்டர் இரண்டாம் கியருக்கு இறக்கினார். எஞ்சின் போட்ட கூச்சலில் பின்னால் இருந்த மாமி "சந்நிதி முருகா" என்று கும்பிட்டது கண்ணாடியில் வாயசைவாகத்தான் தெரிந்தது. திரும்பி வந்து, அதே ஆட்கள், அதே போத்தல்கள், ஆறு. அதே காற்று. டொக்டர் கியரைத் தொடவேயில்லை. கார் டொப் கியரில், தொனி மாறாமல், சும்மா போய்க்கொண்டிருந்தது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு வேகமுள்ளைப் பார்த்தேன். டொக்டர் அதைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சரித்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "பெரியம்மா, உங்கடை மருமேளை அப்பிடிச் சொல்லாதேங்கோ, அவ நல்ல பிள்ளை" என்றார்.

பின்சீற்றில் இரகசியம் பேசிய பெரியம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

விடுதி வாசலில் இறங்கியதும் தரகரிடம் சொன்னார்: "ஆறைத் தாங்கோ. வேகத்துக்கில்லை. பின்சீற்றிலை தாய் மூச்சு விடுறது எனக்குக் கேக்கவேணும்."

நான் பின்பக்கம் போய், துணி உலர்த்துகிற கொடியடியில் நின்று விம்மினேன். ஆவரங்காலில் இறந்தவளை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

அவரைக் குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவரே எழும்பி வந்து ஏசுவார். வாய் பொல்லாதது. மற்றவர் வேலையைப் புகழ்ந்து ஒரு சொல் வராது. காரை நேராக நிறுத்த அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. விடுதி மதிலின் மூலை போன கதையை மேசன்மாரிடம் கேட்கவேண்டும். எதிரே வருகிற பஸ்ஸுக்கும் வழிவிடமாட்டார். "அவைக்கு என்ன அவசரம்?" என்பார். என்னை ஸ்ரியறிங்கில் இருத்தி, ஓட்டப் பழகும் என்று கலைத்ததும் அவர்தான். "என்ரை கை வேறை அலுவலாய் இருக்கேக்கை ஆர் ஓட்டுறது?" என்று ஒரே பிடி. நான் அழுதழுது ஓட்டப் பழகினேன்.

அந்தக் கை வேறு அலுவலாக இருந்த நாளும் வந்தது. கரணவாய்ப் பக்கத்துத் தாய் ஒருவர். பிள்ளை பிறந்து இரத்தம் நிற்கவில்லை. நானும் கூடப் போனேன். நடு வல்லையில், பின்னால் எல்லோரும் தேவாரம் படித்துக்கொண்டிருக்க, டொக்டர் சட்டென்று காரை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மூச்சு மாறுது. மிசி, நீர் இஞ்சாலை வாரும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினார். மாமியாரை முன்சீற்றுக்குத் துரத்தினார். தாயின் வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி முழங்காலில் நின்றார். நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. அந்தத் தாய் இன்றைக்கும் இருக்கிறார். டொக்டருடைய செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற வாட்டசாட்டமான பெடியன்தான் அன்று பிறந்த பிள்ளை.

எழுபதுகளில் பெற்றோல் விலை ஏறியபோது தம்பி திரும்பவும் வந்தார். "அக்கா, ஊரிலை எல்லாரும் டீசல் எஞ்சின் மாத்திப் போடுகினம். நீங்களும் போடுங்கோவன்."

"டீசல் கதைக்கிற இடத்திலை வேறை ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார் டொக்டர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து சொந்த அலுவல்களுக்கு அவர் காரைத் தொடவில்லை. கலியாணவீடு, கோயில், வங்கி எல்லாவற்றுக்கும் கையில் குடையோடு பஸ்ஸில் போனார். கார் தாய்மாருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். டொக்டர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார், மிசி காரில் இருந்துகொண்டு போகிறா என்று என்னைப் பகிடி பண்ணாதவர் நெல்லியடியில் இல்லை.

போன மாதம் அவருக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை, தம்பியும் நானும் சண்டை போட்டுத்தான் பின்சீற்றில் ஏற்றினோம். ஏறியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது தாய்மாற்றை கார். நான் என்னத்துக்கு இதிலை?" தம்பி பக்கத்தில் இருந்து தோளில் சாய்த்துக்கொண்டார். நான் ஓட்டினேன். வல்லை வெளியில் சோளகம் நின்று அடித்தது. நான் மிதித்த மிதியில் கார் சீறியது.

"மிசி."

"சொல்லுங்கோ, டொக்டர்."

"மெதுவா ஓட்டும். நான் என்ன பிள்ளைப்பேத்துக்கோ போறன்?"

தம்பி சிரித்தார். பிறகு சிரித்த வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் காலைத் தளர்த்தினேன். அதன் பிறகு அவர் கதைக்கவில்லை. ஆவரங்கால் வரைக்கும் நான் தலையைச் சரித்து அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். கட்டையாக, இழுத்து இழுத்து, ஆனாலும் ஒவ்வொன்றாக எனக்குக் கேட்டது. ஒன்றையும் தவறவிடவில்லை, டொக்டர். போயிட்டு வாங்கோ.