போர்வைக்கு அடியில் கொதித்த லேப்டாப்

அன்று அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர்: நானும், எதிர்வீட்டுப் பெண்ணும். கடைசியில் திரையில் வந்த என் மகளையும் சேர்த்தால் மூன்று. போன வருடம் தீபாவளி கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு ஜெலுத்தோங்கில் நான் தனியாக இருக்கும் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது.

மகள் அயர்லாந்தில் வேலை செய்கிறாள். போகும்போது தன் பழைய லேப்டாப்பை விட்டுப் போனாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதில்தான் முகம் பார்த்துப் பேசுவோம். மூடி வைத்தாலும் அழைப்புச் சத்தம் கேட்கும்படி ஏதோ செய்து கொடுத்திருந்தாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ என்று பயந்து அதை அணைத்ததே இல்லை.

அந்த வாரம் கீழ்மாடியில் ஒரு திருட்டு நடந்திருந்தது. கேஸ் அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் வாசல் தாண்ட முடியாத ஆள் நான், கேட்க வேண்டுமா? காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பும்போது லேப்டாப்பை மூடி, தடித்த துண்டில் சுற்றி, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போனேன்.

கோயிலுக்கும் போய்விட்டு மாலையில் திரும்பினால், அறை முழுக்கச் சூடான பிளாஸ்டிக் வாடை. துண்டைப் பிரித்தேன், கை சுட்டது. உள்ளே விசிறி கத்திக்கொண்டிருந்தது. திரை கறுப்பு. எதை அழுத்தியும் அசையவில்லை. என்னிடம் இருப்பதோ பட்டன் போன். இனி அவள் முகத்தை எப்போது பார்ப்பது?

எனக்குத் தோன்றிய ஒரே வழி ஐஸ்பெட்டி. தூக்கிக்கொண்டு ஓடியதை, திறந்து கிடந்த வாசல் வழியே எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். அதுவரை தலையாட்டலைத் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை.

“அண்ணே! அது என்ன மீனா, ஐஸ்பெட்டியில வைக்க? உள்ள தண்ணி கோத்துக்கும்லா!”

வாங்கி, சத்தம் நிற்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தாள். இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்து அதன் பின்பக்கத்தை உயர்த்திக் காற்றாடிக்குக் கீழே வைத்தாள்.

“மூடிட்டா தூங்குதுன்னு நெனைச்சீங்களா? உள்ள முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. போர்த்தி வச்சா காத்து எப்படிப் போகும்? பேசி முடிச்சா அணைச்சிடுங்க.”

“அணைச்சிட்டா மக கூப்பிடுறது தெரியாதே, தங்கச்சி.”

“எப்பக் கூப்பிடுவா?”

“ஞாயிறு ஆறு மணிக்கு.”

“அப்ப மத்த ஆறு நாளும் எதுக்கு அணைக்காம வச்சிருக்கீங்க?”

தேநீர் போடுகிறேன் என்று எழுந்தேன். என் வீட்டில் இருந்த கோப்பைகளே அந்த இரண்டும்தான். அதனால் அவளே தன் வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்து, சூடு ஆறும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணி நெருங்கும்போது அவளே பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. மகளும் வந்தாள்.

“யாருப்பா அது பக்கத்துல?”

பெயர் தெரியாததால் “எதிர்வீடு” என்றேன். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் பேசி முடித்ததும் அணைக்கிறேன். விசிறி நின்றுவிட்டதா என்று காதை வைத்துக் கேட்டுவிட்டு, எதுவும் போர்த்தாமல் மேசைமேல் வைக்கிறேன். அடுத்த ஞாயிறுவரை அது ஒலிக்காது என்பதை ஒப்புக்கொள்ள அந்த நாள் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஆனாலும் அணைக்கும்போது இன்றைக்கும் விரல் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.