வலிக்காத பக்கம்

எனக்குத் தலைவலி வந்தால் வலிக்கிற பக்கத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுப்பேன். எப்போதும் வலது பக்கம்தான். அப்படி அழுத்தினால் கொஞ்சம் அடங்கும். கல்யாணமான புதிதில், மலையில் ஏலத்தோட்ட வேலையாட்கள் குடியிருக்கிற லயத்து வீட்டில் இருந்தபோது, ஒரு மத்தியானம் அப்படிச் சுருண்டு கிடந்தேன். ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மேலே தெரிந்த இடது நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துவிட்டார்.

அது வலிக்காத பக்கம். சொல்ல வாய் வரவில்லை. அவரோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியிராத காலம் அது. ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை, அத்தனை மெதுவாய் நெற்றியில் வந்து விழுந்தது. பக்கம் மாறிவிட்டது என்று சொன்னால் கையை எடுத்துவிடுவாரோ என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள். மலையை விட்டு இறங்கிப் போடிக்கு வந்தோம். பேரன் பேத்தியும் எடுத்தாகிவிட்டது. அவர் இடது பக்கமே தேய்த்தார். போடிமெட்டு வளைவில் ஜீப்பு எந்தப் பக்கம் சாயும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார். இதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. நான் ஒரு வியாபாரியின் ஸ்டோரில் ஏலக்காய் பிரிக்கப் போகிறேன். முறத்தை மடியருகே வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், வெடித்த காய், கருத்த காய் எல்லாம் பொறுக்கித் தள்ளுகிற சோலி. போன வருஷத்திலிருந்து வலி அடிக்கடி வர ஆரம்பித்தது. வந்தால் முறத்தில் காய் இரட்டையாய்த் தெரியும். தேனியில் பெரிய டாக்டரிடம் போனோம். தலையைப் படம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்தது, வயிற்றைக் கெடுத்தது.

ஸ்டோரில் பக்கத்து முறத்துக்காரிதான் சொன்னாள்.

"மதினி, என் முட்டிக்கு ஊசி குத்துச்சே ஒரு புள்ள, அதுகிட்டப் போங்க. உள்ள மருந்து கிடையாது. வெறும் ஊசி, தலைமுடியாட்டம் இருக்கும். சீன வைத்தியமாம்."

வீட்டில் வந்து சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

"சீனாக்காரன் போடிக்கும் வந்துட்டானா? ஏலக்காய் வாங்க வந்தானா, ஊசி குத்த வந்தானா?"

கேலி செய்தாரே தவிர, மறுநாள் எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். சுவரில் ஒரு மனுஷன் படம், உடம்பெல்லாம் புள்ளி, ஓரத்தில் கோழி கிளறினாற்போல் சீன எழுத்து. வைத்தியம் பார்க்கிற பெண்ணுக்கு என் கடைசி மகள் வயதிருக்கும். போடிப் பெண்தான்.

"நாக்கை நீட்டுங்கம்மா."

வேற்று ஆள் முன்னால் நாக்கை எப்படி நீட்டுவது? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நீட்டு புள்ள. அறுத்தா எடுத்துக்கிறப் போகுது?" என்றார் இவர்.

நீட்டினேன். அந்தப் பெண் குனிந்து பார்த்து, "இம்புட்டுச் செவப்பா இருக்கே, உள்சூடு ரொம்ப இருக்குமோ?" என்றது.

"சூடு இல்ல தாயி, வெத்தலை. வர்ற வழியில ரெண்டு தடவ போட்டுட்டா."

அது சிரித்துக்கொண்டே வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தது. எனக்கு அங்கேயே புதைந்துபோகலாம் போல இருந்தது. அப்புறம் நாடி பார்த்தது. நம் ஊர் வைத்தியர் பெண்களுக்கு இடது கையை மட்டும் பிடிப்பார். இது இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடித்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தது. பிறகு கேள்விகள். பதிலெல்லாம் இவர்தான்.

"தூக்கம் எப்படிம்மா?"

"கோழித் தூக்கம் தாயி. தட்டு விழுந்தா எந்திரிச்சுருவா."

"நல்லா பசிக்குமா?"

"எல்லாரும் தின்னு மிஞ்சினாத்தான் இவளுக்குப் பசியே."

"வலி எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம். இந்தா, இந்தப் பொட்டுல. நான்தான தைலம் தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் ஊசியை எடுத்து என் இடது நெற்றியில் விரலை வைத்தது. சொல்லாவிட்டால் ஊசி தப்பான இடத்தில் இறங்கும். சொன்னால் இத்தனை வருஷமும் அவர் கை பட்டது தப்பான இடம் என்று ஆகிவிடும்.

"வலது பக்கம் தாயி" என்றேன். அதற்குக் கேட்கவில்லை. காதைக் கொண்டுவந்து என் வாயருகே வைத்தது. "வலது" என்றேன் மறுபடியும்.

இது அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்னைக்கிருந்து?"

"மொதல்ல இருந்தே."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் வெளிய இருக்கேன்" என்று போய்விட்டார்.

ஊசி எறும்பு கடித்தாற்போல்தான் இருந்தது. கையில், காலில், நெற்றியோரத்தில் குத்தி, அசையாமல் படுக்கச் சொன்னது. வெளியே அவர் இருமுகிறாரா என்று காது கொடுத்துக்கொண்டே கிடந்தேன்.

திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். ரோட்டில் போகிற ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு கதை சொல்கிற மனுஷன், வீடு வரைக்கும் வாய் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது மட்டும், "சொல்லியிருக்கலாம்ல" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வலி வந்தபோது தைலப் பாட்டிலை என் தலைமாட்டில் வைத்தார்.

"நீயே தேச்சுக்க. எனக்குத்தான் பக்கம் தெரியாதே."

அவர் போனபின் வலது பக்கம் தேய்த்தேன். சரியான இடம்தான். தைலம் காந்தியது. வேறொன்றும் இல்லை.

மறுபடி ஊசிக்குப் போன நாளில் அவரும் வந்தார். மாடிக்கு ஏறவில்லை, படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் வலது பக்கம் குத்திவிட்டு, இடது கையிலும் ஒன்று குத்தியது. நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் வலியில்லையே தாயி?"

"அதனாலதாம்மா. ஒரு பக்கம் வலின்னா அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் குத்துறதும் இந்த வைத்தியத்துல உண்டு. வலிக்காத பக்கத்துல கை வைச்சு, வலிக்கிற பக்கத்தை அடக்குறது. சீனாவுல ரொம்ப காலமா செய்றாங்க."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, அசையாதீங்கம்மா! ஊசி இருக்கு!"

"அவரைக் கூப்பிடு. இதை அவர்கிட்டச் சொல்லு."

அது எழுவதற்குள் நானே, "ஏங்க!" என்று கத்தினேன். என் குரல் உரக்கடை வரைக்கும் போயிருக்கும். அவர் திடுதிடுவென்று ஓடிவந்து கதவில் கைவைத்து நின்றார்.

"என்னாச்சு? எங்க வலிக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அது சொல்றதைக் கேளுங்க."

அந்தப் பெண் சொன்னது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லு தாயி."

இன்னொரு தடவை சொன்னது. அவர் என்னைப் பார்த்தார், என் நெற்றியில் நட்டு நிற்கிற ஊசியைப் பார்த்தார்.

"முள்ளம்பன்றியாட்டம் உக்காந்துக்கிட்டு 'ஏங்க'ங்குறா பாரு" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "அப்ப நாங்க வீட்டுலயே சீன வைத்தியம்தான் பார்த்துருக்கோம்!"

"ஆமாங்கய்யா, ஊசி மட்டும்தான் இல்ல."

அது சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது, படுத்துக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் ஜீப்புக் கதைதான். யார் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினான், யாருக்குப் பாதி மலையில் டயர் வெடித்தது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதைகள். அன்றைக்கு ஒன்றைக்கூட நான் நிறுத்தவில்லை.

வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வருகிறது, முன்னைவிடக் குறைவாய். முறத்தில் காய் ஒன்று ஒன்றாகவே தெரிகிறது. ஊசியாலா, வெற்றிலையைக் குறைத்ததாலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊசிக்குப் போவதை நிறுத்தவில்லை.

போன வாரம் வலி வந்தபோது வழக்கம்போல வலது பக்கத்தை அழுத்திப் படுத்திருந்தேன். பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தேய்க்காமல் கொஞ்சம் நிதானித்தார்.

"எந்தப் பக்கம்?"

"எப்பவும் தேய்க்கிற பக்கம்தான்" என்றேன்.