உள்ளே போன அம்பு

போனயா தன் அம்புமுனையைச் சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் தட்டமாட்டான். எங்கள் கலானா ஆற்றங்கரையில் அதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவன் மனைவி துமேயின் தம்பி எலமா வைத்திருந்தவை இலைபோல் அகன்ற முனைகள்.

"மச்சான், ஆனைக்குக் காது குத்தப் போறியா?" என்பான் எலமா.

"தோலைத் தாண்டினா விலா எலும்பு இருக்குடா. உன்னோடது அதுல முட்டி நின்னுடும். முனையில தடவுன விஷம் உள்ள போகணும், வெளிய தொங்கக் கூடாது."

ஆனைக்காட்டை வனவிலங்குப் பூங்காவாக்கி வேட்டையைத் தடுத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் நிறுத்தவில்லை. அந்தக் கோடையில் நாங்கள் மூவரும் ஊற்றுக்குழியில் நீர் குடித்த பெரிய கொம்பனை மடக்கினோம். போனயா பதினைந்தடி தூரத்தில் நின்று இடப்பக்க விலாவைப் பார்த்து எய்தான். ஆனை திரும்பியபோது எலமா வலப்பக்கத்தில் எய்தான். நான் ஓடி ஒளிந்துகொண்டிருந்தேன், எந்த அம்பு எவ்வளவு ஆழம் போனது என்று பார்க்கவில்லை.

உச்சிவேளையில் ஆனையைக் கண்டுபிடித்தோம். இடப்பக்கம் அடியில் போக, செத்துக் கிடந்தது. மேலே தெரிந்த வலது விலாவில் எலமாவின் அம்பு தொங்கியது. போனயாவின் அம்பைக் காணோம்; தண்டு வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்க வேண்டும்.

யார் அம்பு கொன்றதோ அவனுக்குத்தான் கொம்பு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூவரில் மூத்தவன் நான்.

"வயித்தை அறுத்துப் பாருங்கண்ணே. என் இரும்பு உள்ள இருக்கும்" என்றான் போனயா.

"முழு அம்பும் உள்ள போச்சாம். கதை விடுறான்" என்றான் எலமா.

தூரத்தில் வேட்டைக்காரர்களைத் தேடும் பூங்கா விமானத்தின் இரைச்சல் கேட்டது. கொம்பை வெட்டத்தான் நேரமிருந்தது. "கண்ணுக்குத் தெரியறது எலமாவோடது. கொம்பு அவனுக்கு" என்றேன். எலமா தன் அம்பைப் பிடுங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காவலர்கள் எலமாவின் குடிசையில் கொம்புகளைக் கண்டெடுத்தார்கள். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஐயா, வச்சிருன்னு குடுத்தது என் மச்சான். கொன்னதும் அவன்தான். வயித்தை அறுத்துப் பாருங்க, அவன் அம்பு இருக்கும்."

அறுத்தார்கள். மண்ணீரலைத் துளைத்து ஒரு சாண் இரும்பு நின்றது. அதன் அடியில் போனயாவின் குறி, மூன்று கீறல்.

வோய் ஊர் நீதிமன்றத்தில் அந்த இரும்பைக் காட்டிக் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லச் சொல்லி முந்தின நாளே அவனிடம் கெஞ்சியிருந்தேன்.

"என்னோடதுதான்" என்றான். பிறகு நீதிபதியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "விலா இடுக்குல புகுந்து மண்ணீரல் வரைக்கும் போயிருக்கு. அந்த ஆனையைக் கொன்னது நான்."

இரண்டு வருஷம் உள்ளே போட்டார்கள். சாட்சி சொன்ன எலமாவை விட்டுவிட்டார்கள். என் பேரை இருவருமே சொல்லவில்லை. துமே அதன்பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஈச்சம்பாய் முடைந்து பிள்ளைகளைக் காப்பாற்றினாள்.

வெளியே வந்த போனயா ரயில்பாதையில் ஜல்லி கொட்டும் வேலைக்குப் போனான். ஒருநாள் குடுவையில் கள் எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

"அன்னிக்கு உங்களுக்கு நெசமாவே தெரியாதாண்ணே?" என்று கேட்டான்.

"தெரியாதுப்பா" என்றேன்.

இருபது வருஷம் அவனோடு வேட்டைக்குப் போயிருக்கிறேன். அவன் அம்பு ஆனையின் தோலில் தொங்கி நான் பார்த்ததேயில்லை. விமானம் பயமுறுத்தியது உண்மைதான். எலமா கொம்பில் எனக்குப் பங்கு தருவான் என்பதும் மனதில் இருந்தது.

போனயா கள்ளை வாங்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஜல்லிக் குவியலுக்குப் போனான்.