பியூஸைச் சட்டைப் பையில் வைத்த வலன்ரைன்

வலன்ரைன் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பதினேழு வயதில் வயரிங் வேலைக்கு வந்து, ஐந்து வருடம் குவைத்தில் இருந்து, திரும்பி வந்து எவ்லினைக் கல்யாணம் செய்தார். வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட எங்கள் தொடர்மாடிக்கு 2009 முதல் அவரே மின்சார வேலை பார்த்தார். நான் அந்தத் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர்.

எந்த வேலையைத் தொடங்கினாலும் அந்த லைனின் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்த பிறகுதான் அது வெளியே வரும்.

“உதைக் கொண்டு வீட்டை போயிடாதேங்கோ வலன்ரைன், நாங்கள் இருட்டிலை இருக்க வேணும்” என்று மூன்றாம் மாடி ஜெகதீஸ்வரி ஒருநாள் சொன்னார்.

“நான் கொண்டு போனா நீங்க ஃபோன் எடுப்பீங்கதானே மிஸ். நான் செத்தா யாருக்கு எடுக்கிறது?”

பியூஸைக் கழற்றுமுன் அவர் என்னிடம் ஒன்று கேட்பார்: “ஐயா, புத்தகம் என்ன சொல்லுது?”

கட்டடத்தின் ஒவ்வொரு லைனும் எந்தப் பியூஸிலிருந்து எங்கே போகிறது என்று நான் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். அதற்கு ஒரு விதி வைத்திருந்தேன். நிரந்தரமான வேலை மையால் புத்தகத்தில் ஏறும். தற்காலிகமானதைப் பென்சிலால் துண்டில் எழுதி மேசை லாச்சியில் போடுவேன். புத்தகத்தில் அடித்து எழுதிய வெட்டுக்கொத்து இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

2022 மார்ச் 12, சனிக்கிழமை. மின்வெட்டுக் காலம். கரண்ட் இல்லாத நேரத்திலும் மேல் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டியிருந்தது. தொட்டியின் மட்டத்தைக் காட்டும் விளக்கும் மணியும் தண்ணீர் மோட்டாரின் பெட்டிக்குள்தான் இருந்தன. மின்வெட்டுக்கென்று வாங்கிய பற்றரி இன்வேட்டரை விற்ற கடையின் ஆள் ஒருவரைக் கொண்டு, இன்வேட்டரிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு சாம்பல் நிற வயரை இழுப்பித்தேன். டோர்ச் பிடித்தவன் நான். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு இரண்டு வழியால் மின்சாரம் வந்தது. துண்டில் எழுதினேன். மின்வெட்டு நின்றது, வயர் அப்படியே இருந்துவிட்டது.

2024 ஓகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, மோட்டார் ஓடவில்லை. வலன்ரைன் வந்தார்.

“ஐயா, புத்தகம் என்ன சொல்லுது? பெட்டிக்கு எத்தன லைன்?”

“ஒன்றுதான். ஏழாம் நம்பர்.”

ஏழாம் நம்பர் பியூஸைக் கழற்றிப் பையில் போட்டார். நிலத்தடித் தொட்டியின் சுவர்க்கட்டின் மேல் ஏறி நின்று பெட்டியைத் திறந்தார். மோட்டார் முனைகளில் டெஸ்டரை வைத்தார், டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. பின்பக்கம் கையை விட்டார். அடுத்த கணம் சீமெந்துத் தரையில் கிடந்தார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

ஜெகதீஸ்வரி அவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பியூஸ் அவருடைய பையிலிருந்து விழுந்து என் காலடியில் கிடந்தது. துண்டு எனக்கு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. இன்வேட்டரை அணைத்தேன். பியூஸை எடுத்துத் திரும்ப மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். தலைவர் சிவபாலன் சொன்னார்: “கரண்டை நிப்பாட்டாமல் கை வைச்சால் அடிக்கத்தானே செய்யும். அவருக்கு வயசு போட்டுது. வேறை ஆளைப் பாப்பம்.”

“அந்த மனுசன் பியூஸைக் கழட்டாமல் ஒண்டிலையும் கை வைக்கமாட்டார்” என்றார் ஜெகதீஸ்வரி.

“அப்ப பியூஸ் எங்கை இருந்தது? செயலாளர் ஐயா, நீங்கள்தானே பாத்தனீங்கள்?”

“பியூஸ் பெட்டியிலை இருந்தது” என்றேன்.

நான் மாட்டிய பிறகு அது பியூஸ் பெட்டியில்தான் இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. கூட்டக் குறிப்பில் ‘மின்வேலையாளரின் கவனயீனம்’ என்று என் கையாலேயே எழுதினேன். அந்த வரியில் வெட்டுக்கொத்து இல்லை. மாதம் முடிவதற்குள் எங்கள் ஒழுங்கையின் மற்ற இரண்டு தொடர்மாடிகளும் வலன்ரைனைக் கூப்பிடுவதை நிறுத்தின.

ஐம்பத்து மூன்றாம் நாள், செப்ரெம்பர் 28, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்தது எவ்லின்.

“புத்தகக்கார ஐயா வந்திருக்காரு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். என்னை இருக்கச் சொல்லவில்லை.

வலன்ரைனின் கைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். ஒரு துணிப் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். துண்டை அவருக்கு முன்னால் வைத்தேன். வாசித்தார்.

“தெரியும் ஐயா. விழக்குள்ளயே கண்டன், சாம்பல் வயர். நான் சாம்பல் போடுறதே இல்ல.”

“பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கிறான் எண்டுவாங்க. பியூஸ் உங்க காலடியிலதானே விழுந்திச்சி. நீங்க சொல்லுவீங்கண்டு பாத்துக்கிட்டு இருந்தன்.”

“கிழம ஏழு முடிஞ்சி எட்டு வருது” என்றார் எவ்லின். “வாற ஃபோனெல்லாம் நீங்கதான் எண்டு ஓடி ஓடி எடுத்தாரு.”

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். வலன்ரைன் கையை உயர்த்தினார்.

“அது இங்க வேணாம் ஐயா. அங்க, எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. அடுத்தது, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சுவிட்ச் வேணும். ஒரு கைப்பிடிய இழுத்தா ரெண்டு லைனும் ஒண்டா கட் ஆகணும். தனித்தனியா ரெண்டு வச்சா, எவனாவது ஒண்ட மறப்பான். பெட்டியில மூணு பாஷயிலயும் எழுதி ஒட்டணும். நான் இல்லாட்டியும் அடுத்தவன் வருவான்தானே.”

ஒக்டோபர் 13 கூட்டத்தில் துண்டை வாசித்தேன். பியூஸ் யாருடைய பையில் இருந்தது, யார் அதைத் திரும்ப மாட்டியது என்பதையும் சொன்னேன். ஜெகதீஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவபாலன் மெதுவாகக் கேட்டார்: “இதைக் குறிப்பிலை எழுதத்தான் வேணுமோ?”

“எழுதியாச்சு.”

வலன்ரைனையே திரும்பக் கூப்பிடுவதென்று தீர்மானித்தார்கள். மற்ற இரண்டு தொடர்மாடிகளுக்கும் குறிப்பின் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றில் ஒன்று மட்டும் அவரைக் கூப்பிட்டது.

மாதக் கடைசியில் அவர் வந்து அந்தச் சுவிட்சை வைத்தார். வலது கையில் பலம் போதாமல் திருகுகளை இடது கையால் முறுக்கினார். கைப்பிடியை இழுத்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை வைத்தார். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடியும் வைத்தார். சாம்பல் வயர் இப்போது மையால் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தபடி நான் பக்கத்தில் நின்றேன்.

“ஐயா, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றார்.

தள்ளி நின்றேன். அதன் பிறகு பதினொரு தடவை வேலைக்கு வந்திருக்கிறார். புத்தகம் என்ன சொல்லுது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.