ஒரே புத்தகம், இரண்டு மாம்பழம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தயங்கிவிட்டேன். கோயிலில் பூக்கட்டிப் போட்டும் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் எழுதுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. வெள்ளைதான் வந்தது. அப்படியும் மனசு வராமல், பூவை எடுத்த குழந்தை விளையாட்டாக எடுத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவள். குடும்பம் நடத்துகிறவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்வதில் பிழை வராமல் அந்த ஈஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தப் புத்தகம் புது அட்டை போட்டு மறுபடியும் வந்திருக்கிறது. எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு இரண்டு கட்சி. “இதப் படிச்சப்புறம்தான் நான் நிமிந்து நடக்குறேன்” என்று ஒருத்தி போடுகிறாள். “எங்க வீட்டுக்காரரும் படிச்சாரு. நிமிந்தவரு குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டேங்குறாரு” என்று இன்னொருத்தி போடுகிறாள். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே சண்டையை, காரைக்கால் பக்கம் விழிதியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சின்ன வயதில் பார்த்தவள் நான்.

எழுதியவர் டிவியில் அரசியல் பேசுகிறவர். எதிரே யார் உட்கார்ந்தாலும் மடக்கிவிடுவார். அவர் திடீரென்று குடும்பத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டார். என் பெரியப்பா அதை வாங்கி வந்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். பெரியப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தவர். பெரியம்மா சீக்கிரமே தவறிவிட்டதால் அவருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அப்பா விவசாயம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேறு வேறு கட்சி. அந்தப் பேச்சாளர் பெரியப்பாவின் கட்சியைத் தூக்கிப் பேசுகிறவர், அப்பாவின் கட்சியை நாறடிக்கிறவர். ஆகவே பெரியப்பாவுக்கு அது வேதம், அப்பாவுக்கு அது குப்பை. அப்பா அதில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை.

“டெல்லிக்காரனையே மடக்குறவன்டா. குடும்பத்துக்கு நாலு வார்த்தை சொல்ல மாட்டானா?” என்பார் பெரியப்பா.

“அவன் வீட்ல யாரு அவனுக்குச் சோறு போடுறான்னு மொதல்ல கேட்டுட்டு வாண்ணே” என்பார் அப்பா.

டீக்கடையிலும் இதே கதை. காலையில் பால் வாங்கப் போனால் காதில் விழும். “படிச்சேன்யா. மச்சானோட பேச்ச நிறுத்திட்டேன். என்ன நிம்மதி!” என்பார் ஒருவர். “நிம்மதி ஒனக்கில்லய்யா, ஒன் மச்சானுக்கு” என்பார் டீ ஆற்றுகிறவர். கரை வேட்டியின் நிறத்தைப் பார்த்தே, இவர் புத்தகத்தை நல்லது என்பாரா கெட்டது என்பாரா என்று சொல்லிவிடலாம்.

வெளியில் இது வேடிக்கை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள்.

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. போலகத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் குழந்தை இல்லை. அந்த வருஷம் மாசி மாதம் மாமா வகையில் ஒரு காதுகுத்து. குழந்தையை யார் மடியில் உட்காரவைப்பது என்று பேச்சு வந்தபோது அத்தை ஆசையாகக் கையை நீட்டியிருக்கிறாள். மாமாவின் சொந்தக்காரி ஒருத்தி, “நீ வேணாம்மா, நல்ல காரியம் பாரு” என்று சொல்லிக் குழந்தையை அப்படியே நகர்த்திக்கொண்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற மாமா வாயைத் திறக்கவில்லை. அத்தை சாப்பிடாமல் கொள்ளாமல் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசாதவன் தானே வந்து கூப்பிட வேண்டும் என்றது எங்கள் பக்கம். சபையில் சொல்லாமல் எழுந்து போனவள் தானே திரும்பி வர வேண்டும் என்றது அந்தப் பக்கம். இரண்டும் நியாயம்தான். மற்ற வீடுகளில் இப்படி வருகிற கோபம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் புத்தகம் இருந்தது. முதலில் இறங்கிப் போகிறவர் ஆயுசு முழுக்க இறங்கியேதான் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பாடம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு பெரியப்பா அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அப்பா உடனே, “அந்தாளு எழுதுனதையெல்லாம் எந்தங்கச்சிக்குப் படிக்காத” என்று பாய்வார். கடைசியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே நின்றுபோயிற்று. ஒருவர் எழுந்து கைகழுவிய பிறகுதான் மற்றவர் வந்து உட்காருவார். அத்தைதான் இரண்டு பேருக்கும் பரிமாறுவாள். புத்தகத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. எனக்கோ இந்த இரண்டு பந்தி சாப்பாடு தாங்கவில்லை. அவர்கள் சேர வேண்டும், பழையபடி பெரியப்பா தன் இலையிலிருந்து எனக்கு அப்பளம் உடைத்துத் தர வேண்டும். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

ஆனி மாதம் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்குக் காரைக்காலில் பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதிக்கு வருவார். சப்பரம் நகர நகர, இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் வேண்டுதல்காரர்கள் கூடை கூடையாக மாம்பழத்தை வீசுவார்கள். கீழே நிற்கிறவர்கள் பிடிப்பார்கள். குழந்தை இல்லாதவர்கள் மடியேந்தி நிற்பார்கள். மடியில் விழுந்த பழத்தைக் கழுவக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, புருஷனும் பொண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பழத்தைப் பங்கிட்டுத் தின்ன வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

என் அம்மா அத்தையை வற்புறுத்தி அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அத்தை முந்தானையை விரித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என் தலையில் ஒரு பழம் பட்டு உருண்டது. அம்மாவின் தோளில் ஒன்று. அத்தையின் மடியில் பூ விழுகிற மாதிரி ஒரு பழம் வந்து உட்கார்ந்தது. இன்னும் பழுக்காத, பச்சை மாறாத பழம். அத்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணி, கெடச்சுடுச்சு அண்ணி” என்றாள். அவள் குரல் அப்படி இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

பழத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாள். தினமும் அரிசி எடுக்கும்போது தொட்டுப் பார்ப்பாள். மாமா வந்துவிடுவார் என்று நினைத்தாள். பழம் மெதுவாகப் பழுக்கத் தொடங்கியது. பானையைத் திறந்தால் கூடம் வரை வாசனை வரும். பெரியப்பாவும் அப்பாவும் தனித்தனியாக வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் போலகத்தில் அம்மாவின் உறவில் ஒரு வளைகாப்பு. அம்மா என்னையும் கூட்டிப்போனாள். அங்கே போனதும் என் காதில் மெதுவாக, “குட்டி, அடுத்த தெருதானே, மாமாவப் பாத்துட்டு வா. நான் அனுப்புனேன்னு சொல்லாத” என்றாள்.

மாமா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். “வாடா குட்டி. யாரோட வந்த?” என்று தெருமுனை வரை பார்த்தார். வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே கூட்டிப்போய் முறுக்கு கொடுத்தார். வீடு கூட்டாமல் கிடந்தது. டிவி மேல் அதே புத்தகம் இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது போலவே, நடுவில் ஒரு பக்கம் மடித்திருந்தது. சாமி படத்துக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் வைக்கோல் பரப்பி ஒரே ஒரு மாம்பழம். நன்றாகப் பழுத்து மஞ்சளாகியிருந்தது.

“மாமா, பழம் தாங்க” என்றேன். நான் கேட்டு மாமா எதையும் இல்லை என்றதே கிடையாது.

“அது வேணாம்டா கண்ணு. திருவிழாவுல துண்ட விரிச்சேன், அம்மையார் குடுத்தது. தனியா திங்கக் கூடாது” என்றார். பிறகு, “அத்தை சாப்புடுறாளா?” என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். “பெரியப்பா, அப்பா, யாராச்சும் எதாச்சும் சொல்லியனுப்புனாங்களா?” என்றார். நான் இல்லை என்றேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு முறுக்கை என் கையில் வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். பெரியப்பா கூடத்தில் இருந்தார். அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மாமா வீட்டிலும் இதே புத்தகம் இருக்கிறது, இதே மாதிரி மடித்திருக்கிறது, ஒரு மாம்பழமும் இருக்கிறது, கேட்டால் தரமாட்டேன் என்கிறார் என்றேன்.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். “ஒரு பழமா, நெறைய பழமா?”

“ஒண்ணே ஒண்ணு.”

“எங்க வெச்சிருந்தாரு?”

“சாமிக்கிட்ட.”

அத்தை அடுப்படிக்குப் போனாள். பானையிலிருந்து பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். “பெரியண்ணே, நான் போறேன். கடைசி பஸ்ஸு இன்னும் போவல” என்றாள்.

பெரியப்பா முகம் மலர்ந்திருந்தது. ஆனால் வேறு காரணத்துக்காக. “உக்காரு புள்ள. அவனும் இதத்தான் படிக்கிறான், பாத்தியா? பக்கத்த மடிச்சிருக்கான்னா புத்தி வருதுன்னு அர்த்தம். தன் தப்பு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. இப்ப நீ போயி நின்னா எல்லாம் கெட்டுது. ரெண்டு நாள் பொறு, தானா வருவான்.”

மாமாவும் அந்தப் பக்கத்தைத் தனக்காகத்தான் மடித்திருப்பார், தான் இறங்கக் கூடாது என்பதற்காக மடித்திருப்பார் என்று பெரியப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு இருந்த கடைசி நம்பிக்கை அதுதான். அந்தப் புத்தகத்தை இத்தனை மாதமாகத் திட்டியவர் அவர் ஒருவர்தான். “சின்னண்ணே, நீங்க சொல்லுங்க.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “புத்தகம் கெடக்குது குப்ப. ஆனா சபையில வாயத் தொறக்காதவன் நம்ம வாசல்ல வந்து தொறக்கட்டும். பழம் வெச்சிருக்கான்ல? வருவான். அண்ணன் சொல்றது சரிதான்.”

அண்ணன் சொல்றது சரிதான். அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா சொல்லாத வார்த்தை.

பெரியப்பா, “வாடா தம்பி, சாப்புடலாம்” என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா அப்பளத்தை உடைத்துப் பாதியை என் இலையில் வைத்தார். அப்பா ஏதோ சொல்ல, பெரியப்பா சிரித்தார். அத்தை பரிமாறினாள். ரசம் ஊற்றக் குனிந்தபோது அவள் முந்தானை முடிச்சிலிருந்து பழ வாசனை வந்தது. நான், “அத்தை, நான் போய்ச் சொன்னதாலதானே இவங்க ரெண்டு பேரும் சேந்துட்டாங்க?” என்று பெருமையாகக் கேட்டேன். அத்தை, “ஆமாண்டா குட்டி” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

மாமா வரவில்லை. பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, போய்ச் சொல்லியிருக்கும், வரச்சொல்லி ஆள் வரும் என்று அவர் அங்கே காத்திருந்திருக்கிறார். வெகுநாள் கழித்து யாரோ சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு வீட்டிலும் பழம் அழுகிவிட்டது. எங்கள் வீட்டுப் பழத்தை அத்தை கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாள். கொட்டையாவது முளைக்கும் என்று நான் தண்ணீர் ஊற்றினேன். முளைக்கவில்லை. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி அந்தக் கல்யாணத்தையே தீர்த்துவிட்டார்கள். மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு யாரும் வேறு இடம் பார்க்கவில்லை. இப்போது பெரியப்பா படுத்த படுக்கை. அவருக்கு மூன்று வேளையும் கஞ்சி ஊட்டுவது அத்தைதான். திருவிழா அன்று சப்பரத்துக்குக் கையெடுத்துக் கும்பிடுவாள். முந்தானையை மட்டும் இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பாள்.

சாமி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார். இரண்டையும் நாங்கள் அழுகவிட்டோம். இதற்கு என்ன பரிகாரம் என்று எனக்குத் தெரியவில்லை. இருப்பதாகவும் தோன்றவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது இதை அனுப்பினால் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். புத்தகத்தால்தான் குடும்பம் கெட்டது என்று ஒரு வரி சேர்க்காதீர்கள், புத்தகத்தைத் திட்டியவரும் அன்றைக்கு அங்கே இருந்தார். நல்ல புத்தகம், படித்தவர்கள் சரியில்லை என்றும் சேர்க்காதீர்கள். அத்தைக்காக ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்காதீர்கள். அன்றைக்கு நான் அண்ணன் தம்பி நடுவில் உட்கார்ந்து, அப்பளம் தின்று, என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று சாமிக்கு நன்றி சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கினேன். அதையும் எடுத்துவிடாதீர்கள்.